கரும்பலகையில் ஓர் அளவு

செண்பகவல்லி அம்மன் துணை

கொன்றைப்பட்டி, நாகலாபுரம் வழி
14.6.81

தம்பி சௌந்தரபாண்டியனுக்கு அக்காள் பார்வதி எழுதுவது. நானும் உன் அத்தானும் அம்மன் காவலில் இருக்கிறோம். உன் சுகத்துக்கும் மீனாட்சி, பிள்ளைகள் சுகத்துக்கும் எழுது. மெட்ராஸில் தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்ததா?

வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நேரத்தில் தலைமையாசிரியர் அழகிரிசாமி வந்தார். "அம்மா, பள்ளிக்கூடத்துல ஒரு தொழில் பாடம் வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. என்ன தொழில், என்ன பாடம்னு அந்தந்த ஊரே முடிவு பண்ணிக்கிடலாமாம். ஊர்க்கூட்டத்துல தையல்னு சொல்லிட்டாக. சொல்லிக் குடுக்க நீங்கதான் வரணும்" என்றார்.

"நான் அஞ்சாப்பு தாண்டலியே சார். பழைய ஜாக்கெட்டப் பிரிச்சுப் பாத்து நானா பழகுனது" என்றேன்.

"நாகலாபுரத்து டெய்லர் மட்டும் என்ன காலேஜுலயா படிச்சாரு?" என்றார்.

உன் அத்தான் விறகுக்குப் பருத்தி மாரைக் கட்டிக்கொண்டே, "போயிட்டு வா" என்றார். சரி என்றேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பதினோரு பேர். தையல் உண்டென்றால் படிக்க அனுப்புகிறோம், இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வேனில் ஏற்றிவிடுவோம் என்று பெற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு இப்போதைக்கு ஒரு வருஷம்தான். மதுரையிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்து பார்த்து, பிரயோஜனம் இல்லை என்று எழுதிவிட்டால் அதோடு மூடிவிடுவார்கள். எனக்கும் போய்வர ஒரு இடம் என்று இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அம்மன் உங்கள் எல்லாரையும் பார்த்துக்கொள்வாள்.
பார்வதி

*

சென்னை
28.6.81

அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அத்தானின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

ஆறுமுகத்தாயைக் காய்ச்சல் கொண்டுபோன ஐப்பசிக்கு அப்புறம் உங்களிடமிருந்து மூன்று வரிக்கு மேல் வந்த கடிதம் இதுதான். மீனாட்சியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் படித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பதிமூன்று வயதுப் பிள்ளை இருந்த வீட்டில் பகல் முழுக்க நீங்கள் தனியாக இருப்பது எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது கொஞ்சம் நிம்மதி.

ஆய்வைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்தக் குறிப்புகள் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வரும். கோப்பில் கோப்பது என் வேலை, ஒரு புள்ளி மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. ஆகையால் என்னை நம்பி இருக்க வேண்டாம். ஊர் போட்ட பாடம் ஊருக்கு உதவுமா என்று பார்ப்பார்கள். அதைவிட முக்கியமாக, பக்கத்தில் ஆசிரியர் நிற்காமல் பிள்ளை தானாக ஒரு வேலையை எடுத்து முடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பல ஊர்களில் இந்த இரண்டாவதில்தான் விழுகிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அத்தானுக்கு என் வணக்கம்.
சௌந்தரபாண்டியன்

*

செண்பகவல்லி அம்மன் துணை

கொன்றைப்பட்டி
9.8.81

தம்பிக்கு அக்காள் எழுதுவது. இங்கே சுகம். உன் அத்தானுக்கு முட்டுவலி அப்படியேதான். ஆடிச் செவ்வாய்க்குக் கோவில்பட்டி போய் அம்மனைப் பார்த்து உங்கள் பேருக்கும் அர்ச்சனை செய்துவந்தேன்.

வகுப்பு நடக்கிறது. பாடங்களை நானும் தலைமையாசிரியரும் உட்கார்ந்து எழுதினோம். மேலிருந்து வந்த மாதிரிப் பாடத்தில் ஸ்வெட்டர் பின்னுதல் என்று இருந்தது. வேலுத்தாய் என்று ஒரு பிள்ளை, வாய்க்காரி. அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு நம்ம வெயில்ல நின்னா மொளகாக்கு முன்ன நாமதான் வத்தலாவோம்" என்றாள். அதை அடித்துவிட்டு, கோணி ஊசியால் வத்தல் சாக்கு வாய் தைப்பதைப் போட்டோம். அப்புறம் காஜா, பட்டன், பாவாடை சட்டை. கடைசியில் ஜாக்கெட்.

சட்டை வெட்ட ஒரு அளவு வேண்டுமே. பலகையில் எழுதிப் போட்டேன். மார்பு 28, இடுப்பு 23, தோள் 12, நீளம் 17. எல்லாரும் ஒரே அளவில் வெட்டினால்தான் யார் கையில் பிசகு என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தினசரித் தாளில் அந்த அளவுக்கு ஆளுக்கொரு படிவம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் துணிமேல் போட்டு வெட்டுகிறார்கள். பலகையில் அந்த மூலையை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பலசரக்குக் கடை வைத்திருக்கும் கடற்கரை என்பவர் மகள் இசக்கி, "டீச்சர், இந்த அளவுல நம்ம ஊர்ல பிள்ள யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. அளவுதான்" என்றேன்.

துணி, நூல், ஊசி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறேன். தைத்து முடித்த சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் அடுக்குகிறேன். பள்ளிக்கூடத்தில் எலி.

மழை இல்லை. உழுது போட்டபடி கிடக்கிறது.
பார்வதி

*

சென்னை
4.10.81

அக்காவுக்கு வணக்கம். எல்லாரும் நலமே. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாதது என் பிழை. ஆபீஸில் வேலை என்று சொல்லலாம்.

ஐப்பசி வருகிறது. வருஷம் திரும்புகிற அன்று நானும் மீனாட்சியும் அங்கே வரட்டுமா? இரண்டு நாள் லீவு சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு கார்டு போட்டால் போதும்.

சௌந்தரபாண்டியன்

*

செண்பகவல்லி அம்மன் துணை

கொன்றைப்பட்டி
15.11.81

தம்பிக்கு அக்காள் எழுதுவது. சுகம். உன் கடிதம் வந்தது. எடுத்து வைத்துவிட்டேன், நாள் போய்விட்டது.

வருஷம் திரும்பியது. விளக்கேற்றினோம். அன்று வியாழக்கிழமை, தையல் வகுப்பு உள்ள நாள். போய்வந்தேன்.

மழை பெய்துவிட்டது. வண்டி மாடு கால் ஊன்ற முடியாமல் கரிசல் ஒட்டுகிறது. பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தியும் நிற்கவில்லை. இப்போது பாவாடை சட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார்கள். தலைமையாசிரியர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "கடையில வாங்குனது தோத்துப் போகும்" என்றார். மார்கழிக்கு முன்னால் ஆய்வுக்கு வருகிறார்களாம்.

உளுந்து விதைத்தாயிற்று. மீனாட்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.
பார்வதி

*

செண்பகவல்லி அம்மன் துணை

கொன்றைப்பட்டி
12.12.81

தம்பிக்கு அக்காள் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கேயும் அப்படியே இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

புதன்கிழமை ஆய்வு நடந்தது. மதுரையிலிருந்து ஜீப்பில் ஒரு அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். நல்ல மாதிரி. சாக்கு வாய்த் தையலை இழுத்துப் பார்த்தார். காஜாவைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பாடங்களை ஊரே எழுதியதா என்று கேட்டதற்கு வேலுத்தாய் ஸ்வெட்டர் கதையை அவரிடமும் சொன்னாள். சிரித்துவிட்டு, "இதை நான் குறிப்பில் எழுதிக்கொள்ளட்டுமா?" என்றார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

அப்புறம் இசக்கியைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். அவள் அப்பா கடை நொறுக்குத் தீனியில் வளர்ந்த பிள்ளை, வாட்டசாட்டமாக இருப்பாள். "இவளை அளந்து ஆளுக்கு ஒரு சட்டை தையுங்கள். டீச்சர் வெளியே இருக்கட்டும்" என்றார்.

நான் வேப்பமரத்தடியில் இருந்தேன். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள்.

ஒரு சட்டையும் இசக்கிக்கு ஏறவில்லை. ஒன்று தலையிலேயே மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தபடி, "டீச்சர், இது என் தங்கச்சிக்குத்தான் சேரும்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. சட்டைகளை மேஜையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீவினார். ஓரம்கூட விலகவில்லை.

"அளவு எடுத்ததைத் தாளில் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் வெட்டும்போது எல்லாரும் பழைய படிவத்தையே எடுத்து வைத்து வெட்டிவிட்டார்கள். புதுப் படிவம் போட நீங்கள் சொல்லிக் கொடுக்கவில்லையா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

"ஆறு மாதமாக ஒரே அளவா? ஏன்?"

"தோணலைங்க."

பலகையைப் பார்த்தார். "இது யாருடைய அளவு?"

நானும் பலகையைப் பார்த்தேன். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலுத்தாய், "அது யாருமில்லைங்க, அளவுதான்" என்றாள்.

போகும்போது தலைமையாசிரியரிடம், கை வேலை சுத்தம், ஆனால் இந்தப் பிள்ளைகளிடம் வெளி ஆள் ஒருவர் துணி கொண்டுவந்தால் தைக்கத் தெரியாது, இப்படியே நான் எழுதினால் வகுப்பு நிலைக்காது, பங்குனியில் ஒரு தரம் வருகிறேன், அப்போதும் இப்படி என்றால் மூடச்சொல்லித்தான் எழுதுவேன் என்று சொன்னாராம்.

சாயங்காலம் வழக்கம்போல் சட்டைகளை எடுத்துவந்து பெட்டியில் வைத்தேன்.

வேறில்லை.
பார்வதி

*

சென்னை
2.1.82

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். இங்கே யாவரும் சுகம். பொங்கல் படிப் பணம் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன். அந்த அம்மா கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பதில் தெரியும். மார்பு 28, இடுப்பு 23, தோள் 12, நீளம் 17. முந்தின வருஷம் தீபாவளிக்கு முன்னால் நீங்கள் எனக்கு எழுதி அனுப்பிய அளவு அது. மெட்ராஸில் புது மாதிரி வந்திருக்கிறதாம், மருமகளுக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். நானும் மீனாட்சியும் போய் எடுத்தோம். மயில் கழுத்து நிறம். தபாலில் சேர்ப்பதற்குள் உங்கள் தந்தி வந்துவிட்டது.

ஆகஸ்டில் உங்கள் கடிதத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்தது. நீங்கள் தெரிந்துதான் செய்கிறீர்கள், அதில் உங்களுக்கு ஒரு ஆறுதல் இருக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். இப்போது உங்களுக்கே தெரியாது என்று தோன்றுகிறது.

அக்கா, அந்தப் பதினோரு பேரும் ஆறுமுகத்தாய்க்குத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் எழுதியது தப்பென்றால் திட்டி எழுதுங்கள்.
சௌந்தரபாண்டியன்

*

சென்னை
7.2.82

அக்காவுக்கு, நலம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. படி வந்ததா என்றும் தெரியவில்லை. அத்தானாவது ஒரு கார்டு போடட்டும்.
சௌந்தரபாண்டியன்

*

செண்பகவல்லி அம்மன் துணை

கொன்றைப்பட்டி
28.2.82

தம்பிக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். படி வந்தது. கடிதமும் கார்டும் வந்தன. திட்ட ஒன்றும் இல்லை.

தை முதல் வெள்ளிக்கு என் நாத்தனார் சுப்புத்தாய் கயத்தாற்றிலிருந்து வந்தாள். கல்யாணம் ஆகாமல் போன பிள்ளை இனி வீட்டுக்குக் கன்னித் தெய்வம், வருஷம் திரும்பியாயிற்று, ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை சட்டை வைத்துக் கும்பிடாமல் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். "கடையில போயி ஒன்னு எடுத்துட்டு வாங்கண்ணே" என்று உன் அத்தானை அனுப்பப் பார்த்தாள்.

உன் அத்தான் கடைக்குப் போகவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். கட்டில் நிறைந்து தரைக்கு வந்துவிட்டது. சுப்புத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

உன் அத்தான் பேசமாட்டார், உனக்குத் தெரியும். அன்று பேசினார். "கன்னிக்கு வருசத்துக்கு ஒன்னுதான் வைப்பாக, பார்வதி. நீ தச்சு வச்சிருக்கிறத அவ எந்தக் காலத்துல உடுத்தித் தீப்பா?"

அப்போதுதான் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

ஒன்றை ஓலைப்பெட்டியில் வைத்துப் பொங்கல் வைத்துக் கும்பிட்டோம். மற்றதை உன் அத்தான் சாக்கில் கட்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். தலைமையாசிரியர் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்த அளவில் ஊரில் யாரும் இல்லை என்று நான் இசக்கியிடம் சொல்லியிருந்தேன். இருந்தார்கள். நிறையப் பேர் இருந்தார்கள். அடிபம்பில் நாலு பிள்ளைகள் அதே சட்டையில் நின்று தண்ணீர் அடித்தார்கள். முதல் நாள் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன். இப்போது அந்த வழியாகவே போகிறேன்.

உன்னிடம் இருக்கும் பொட்டலத்தை அனுப்ப வேண்டாம். உன் இஷ்டம்போல் செய்.

பலகையை நான்தான் அழித்தேன். பழைய படிவங்களை அடுப்பில் போடச் சொன்னேன். வேலுத்தாய், "ரெண்டு நாளு காப்பி போட்டுக் குடிக்கலாம் டீச்சர்" என்றாள். அளவிலிருந்து படிவம் போடுவது எனக்கே திருத்தமாகத் தெரியாது, பிரித்துப் பார்த்துப் பழகியவள்தானே. பிள்ளைகளிடம் அதைச் சொன்னேன். சேர்ந்தே பழகுகிறோம். இசக்கியை அளந்தோம். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு ஆக்கும் ஆயாவை அளந்தோம். தலைமையாசிரியர் சம்சாரத்தை அளந்தோம், அவிய ஆறு மாசப் பிள்ளைத்தாய்ச்சி. தினமும் தாள் வீணாகிறது. முதலில் வெட்டியது ஒன்றும் யாருக்கும் சேரவில்லை.

பங்குனி முதல் வாரம் அந்த அம்மா வருகிறார். வகுப்பு நின்றால் மூன்று பிள்ளைகளை வேனுக்கு அனுப்ப வீட்டில் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். வேலுத்தாய் அதில் ஒருத்தி. அவள் சொல்லவில்லை, இசக்கி சொன்னாள்.

அம்மன் விட்ட வழி.
பார்வதி

*

செண்பகவல்லி அம்மன் துணை

கொன்றைப்பட்டி
21.3.82

தம்பிக்கு அக்காள் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். உன் அத்தான் வத்தல் களத்தில் கிடக்கிறார், தும்மிக்கொண்டே இருக்கிறார். மீனாட்சிக்கு வந்த இருமல் நின்றதா?

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். இந்தத் தரம் பிள்ளைகளில் ஒருத்தியையும் நிறுத்தவில்லை. யார் யாரை அளந்து பழகினீர்கள் என்று கேட்டார். சொன்னார்கள். "அப்படியென்றால் அவர்களெல்லாம் வேண்டாம். உங்கள் டீச்சரை அளந்து ஒரு ஜாக்கெட் தையுங்கள். எல்லாரும் சேர்ந்து ஒன்று போதும்" என்றார்.

எனக்கு வெளியே போய் உட்காரத்தான் தெரியும். நடுவில் போய் நின்றேன்.

ஒருத்தியும் கிட்டே வரவில்லை. வேலுத்தாய் கையில் டேப்பை வைத்துக்கொண்டு, "டீச்சரத் தொடலாமா?" என்றாள்.

"தொடாம எப்படிட்டி அளப்ப? கண்ணாலயா?" என்றாள் இசக்கி.

வேலுத்தாய் வந்து தோளில் டேப்பை வைத்தாள். அவள் விரல் சூடாக இருந்தது. பிள்ளை போன துட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதற்கப்புறம் யாரும் என்னைத் தொட்டதில்லை. அது அவள் என் தோளில் டேப்பை வைத்தபோதுதான் தெரிந்தது. கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன். திரும்பச் சொன்னாள், திரும்பினேன். டேப்பைச் சுற்றிப் பிடித்தவள் நின்றுவிட்டாள். மறுபடி பிடித்துப் பார்த்தாள்.

"என்னட்டி?" என்றேன்.

"இல்ல டீச்சர், நீங்க போட்டிருக்க ஜாக்கெட்டுக்குள்ள இன்னொரு டீச்சரும் இருக்கலாம்."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "அளவு ஜாக்கெட் ஒன்னு வாங்கி வச்சு வெட்டிருவமா? டெய்லர் கடையில அப்படித்தான் கேப்பாக" என்று கேட்டாள். அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்ட்டி. அது முன்ன இருந்த டீச்சருக்கு. நாம ஆளத்தான் பாக்கணும்" என்றாள் வேலுத்தாய்.

அளவைச் சொல்லச் சொல்ல இசக்கி எழுதினாள். என்னை வெளியே அனுப்பவில்லை, நான்தான் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். உள்ளே சண்டை போடுகிறார்கள், தாள் கிழிகிறது, மறுபடி வரைகிறார்கள். நான் எழுந்து போகவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பச்சைத் துணி. ஒரு கையில் தையல் லேசாகக் கோணியிருந்தது.

அறிவியல் சாமான்கள் வைத்திருக்கும் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். கையைத் தூக்கிப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. அங்கே கண்ணாடி கிடையாது. பிள்ளைகள் கதவைத் தட்டி, "சேந்துச்சா டீச்சர், சேந்துச்சா?" என்று கேட்டார்கள். வெளியே வந்தேன்.

அந்த அம்மா தோள் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் நடக்கட்டும் என்று எழுதுகிறேன்" என்றார். உன் மேஜைக்கு வரும், பார்த்துக்கொள். வேலுத்தாய் அப்பனை வரச்சொல்லித் தலைமையாசிரியர் ஆள் விட்டிருக்கிறார். இளைத்த ஆளுக்குப் பழைய ஜாக்கெட்டைப் பிடித்துத் தைப்பது என்று வரும் வருஷத்துக்கு ஒரு பாடம் சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். என்னுடைய பழைய ஜாக்கெட்டுகளைத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அங்கே எல்லாரும் சௌக்கியமாக இருங்கள்.
பார்வதி